டூட்டி முடிந்தும் இறங்காத பை

கேள்வி: 2025 மே 24

என் தம்பிக்கு 23 வயது. இஎம்டி (அவசர மருத்துவ உதவியாளர்) படித்துவிட்டு எட்டு மாதமாக ஆம்புலன்ஸில் வேலை பார்க்கிறான். வேலையில் கெட்டிக்காரன் என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் லீவு நாளில் பால் வாங்கப் போனாலும் முதுகில் ஒரு பெரிய சிவப்புப் பை. பெல்ட்டில் கத்தரிக்கோல், டார்ச், கையுறை வைக்க ஒரு பவுச். ஹெல்மெட்டில் சிவப்புச் சிலுவை ஸ்டிக்கர். போன வாரம் பைக்கில் ஆம்புலன்ஸ் மாதிரி கத்தும் ஹாரன் மாட்டியிருக்கிறான். நேற்று அவனுக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் பாட்டிக்கு பிபி பார்த்துவிட்டான். இது வேலைப் பற்றா, வேறு ஏதாவதா?

மே 24, இரவு 10.50

பாட்டியின் பிபி எவ்வளவு என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

ஒன்பது வருடம் ஆம்புலன்ஸின் பின்பக்கம் உட்கார்ந்து போனவன் நான். இப்போது முதலுதவி வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வொரு பேட்சிலும் உங்கள் தம்பி மாதிரி இரண்டு பேர் வருவார்கள். ஆம்புலன்ஸ் நிற்கும் எங்கள் பேஸில் அவர்களுக்கு 'நடமாடும் ஜிஎச்' என்று பெயர். ஒரு வருடம் போனால் முதுகு வலிக்கும், பை தானாக இறங்கிவிடும். கவலைப்பட வேண்டாம். ஹாரனை மட்டும் நாளைக்கே கழற்றச் சொல்லுங்கள்.

மே 25, காலை 7.20

ஹாரனில் என்ன தப்பு, உயிர் காப்பாற்றத்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சரி, கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

1989ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 119ஆம் விதி ஹாரனைப் பற்றியது. சுரம் மாறி மாறி ஒலிக்கும் ஹாரன் பொதுவாக யாருக்கும் கிடையாது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு மாதிரியான வண்டிகளுக்குத்தான் விலக்கு. விலக்கு வண்டிக்கு, அதை ஓட்டுகிறவருக்கு இல்லை. நீங்கள் டூட்டியில் பைலட்டாகவே, அதாவது ஆம்புலன்ஸ் டிரைவராகவே, இருந்தாலும் உங்கள் சொந்த பைக் வெறும் பைக்தான். கலர் விளக்குக்கு வேறு விதி இருக்கிறது, அதன் நம்பர் 108. சத்தியமாகத் தற்செயல்தான். 2017 மே 1 முதல் மந்திரிகளின் காரிலிருந்தே சுழல் விளக்கை இறக்கிவிட்டார்கள். உங்கள் தம்பி எந்த மூலை?

சட்டம் இருக்கட்டும். எனக்கு எரிச்சல் வேறு இடத்தில். ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் 194இ பிரிவு வந்தது. ஆனாலும் வழி விடுகிறவர்கள் அபராதத்துக்குப் பயந்து விடுவதில்லை. அந்தச் சத்தத்தை நம்பித்தான் விடுகிறார்கள். சைரன் கேட்டுத் திரும்பிப் பார்த்தால் ஒரு பையன் பால் பாக்கெட்டோடு போகிறான் என்றால், அடுத்த தடவை நிஜ வண்டி வரும்போது அந்த ஆட்டோக்காரர் அரை நொடி யோசிப்பார். அந்த அரை நொடிகளைச் சேர்த்து வைத்தால் என்ன ஆகும் என்று தாம்பரம் சானடோரியம் பக்கம் மாலை ஆறரைக்கு ஸ்ட்ரெச்சரோடு மாட்டிக்கொண்டவர்களைக் கேளுங்கள்.

ஸ்டிக்கரும் வேண்டாம். சிவப்புச் சிலுவை டாக்டருக்கும் நமக்கும் சொந்தமில்லை. அது செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் ராணுவ மருத்துவப் பிரிவுக்கும் உரியது. 1960ஆம் வருட ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டப்படி அனுமதி இல்லாமல் போட்டால் அபராதம், 500 ரூபாய் வரை. தொகை சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் போன வருடம் மே மாதம் சென்னைப் போக்குவரத்து போலீஸ் வண்டி ஸ்டிக்கர்களைப் பிடிக்க ஆரம்பித்தபோது நான் பார்த்த ஒரு பையன் சிக்னலில் நின்று நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான்.

ஒன்று மட்டும்: சாலையோரம் நின்று உதவுகிறவனைச் சட்டம் காப்பாற்றும். 134ஏ பிரிவு. அதனால் உதவப் பயப்பட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள்.

மே 25, மதியம்

ஆறு கை நீல நட்சத்திரம் ஒட்டலாமா என்று கேட்டவருக்கு: அது அமெரிக்காவில் 1973இல் வரைந்தது. அங்கேயும் முதலில் ஆம்புலன்ஸ்காரர்கள் ஆரஞ்சு நிறச் சிலுவையைத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது செஞ்சிலுவை மாதிரியே இருக்கிறது என்று செஞ்சிலுவைச் சங்கம் ஆட்சேபித்த பிறகுதான் நட்சத்திரம் வந்தது. ஆக, இந்தச் சண்டை பழசு. ஒட்டாதீர்கள்.

மே 27, இரவு 11.30

மேலே ஏதோ பெரிய மனுஷன் மாதிரி எழுதியிருக்கிறேன். என் பையைப் பற்றிச் சொல்லாவிட்டால் நியாயமில்லை.

2016இல் தெருமுனை அரிசிக் கடைத் தராசில் என் பையை நிறுத்தினேன். 8 கிலோ 400 கிராம். கடைக்கார அண்ணாச்சி "இதுல என்ன தம்பி, பொன்னியா, இட்லி அரிசியா?" என்றார். உள்ளே இருந்தவை: அம்பு பேக் (அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) பெரியவருக்கு ஒன்று, குழந்தைக்கு ஒன்று. கழுத்துக் காலர். கை கால் அசையாமல் வைத்துக் கட்டும் மடக்குச் சிம்பு இரண்டு. சலைன் அரை லிட்டர் பாட்டில் இரண்டு (ஏற்றும் செட்டே இல்லை, பாட்டில் மட்டும்). பிபி ஆப்பரேட்டஸ், ஸ்டெத், சுகர் மிஷின், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டர். ரத்தத்தைக் கட்டும் டூர்னிகே இரண்டு. வெட்டுக் கத்தரி மூன்று. ஏன் மூன்று என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அப்புறம், தொப்புள்கொடி கிளாம்போடு ஒரு பிரசவக் கிட். கல்யாணமாகாத 25 வயதுப் பையன், பிரசவக் கிட்டோடு தியேட்டருக்குப் போயிருக்கிறேன்.

சென்னை மே மாத வெயிலில் பைக் பெட்டிக்குள் இதெல்லாம் என்ன கதிக்கு ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிளாஸ்டர் பசை இளகி சுற்றோடு சுற்று ஒட்டிவிடும். கையுறை இழுத்தால் அப்பளம் மாதிரிக் கிழியும். சுகர் ஸ்டிரிப் டப்பாவில் 30 டிகிரிக்குக் கீழே வைக்கவும் என்று போட்டிருக்கும். அப்படிப் பார்த்தால் நம் ஊரில் அது டிசம்பரில்தான் வேலை செய்யும். பார்க்கப் பை நிறைய சாமான். திறந்தால் பாதி குப்பை.

டூட்டிக்கு வெளியே டூர்னிகேயை ஒரு தடவைகூட எடுத்ததில்லை. அம்பு பேக்கும் இல்லை. அதிகம் செலவானது கையுறைதான். அடுத்து ஓஆர்எஸ் பாக்கெட். அதுவும் பாதி நான் குடித்தது.

மே 28, காலை

சிரிப்பதற்கு ஒன்று. 2017, செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். பந்தியில் ஒரு பெரியவர் இலையில் சாய்ந்துவிட்டார். நான் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. "எல்லாரும் நகருங்க, நான் இஎம்டி" என்று கத்தினேன். நகர்ந்தவர்களில் இரண்டு பேருக்கு அப்படி என்றால் என்னவென்று தெரியாது, ஏதோ இன்கம்டாக்ஸ் என்று நினைத்திருக்கிறார்கள். கார் டிக்கியிலிருந்து பையைக் கொண்டுவரச் சொல்லி, கத்தரியை எடுத்து, கழுத்திலிருந்து வயிறு வரை அவர் சட்டையை ஒரே வெட்டு. பட்டுச் சட்டை. அவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. சட்டையில் நான்கு பட்டன்தான் இருந்தது, கழற்றியிருந்தால் மூன்று நொடி.

அவர் எழுந்துவிட்டார். ஆல்பத்தில் துண்டு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இன்றைக்கும் அந்தக் குடும்பத்தில் எனக்கு 'டெய்லர்' என்று பெயர்.

மே 29

அமெரிக்காவிலும் இப்படி உண்டா என்று கேட்டார்கள். உண்டு, பேரே வைத்திருக்கிறார்கள்: 'வேக்கர்'. சொந்தக் காரில் விளக்கு, இடுப்பைச் சுற்றிக் கருவி, ஷிப்ட் முடிந்தும் காதில் ரேடியோ. நியூயார்க் மாநிலத்தில் தன்னார்வத் தீயணைப்பாளர் சொந்தக் காரில் நீல விளக்கும், தன்னார்வ ஆம்புலன்ஸ் ஆள் பச்சை விளக்கும் சட்டப்படியே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த விளக்கைப் பார்த்து மற்றவர்கள் வழி விட்டால் மரியாதைக்கு விடுகிறார்கள், அவ்வளவுதான். சிக்னலைத் தாண்டும் உரிமையெல்லாம் அதற்கு இல்லை. அங்கே பல ஊர்களில் ஆள் வீட்டிலிருந்து கிளம்பித்தான் வண்டிக்குப் போக வேண்டும், அதனால் விளக்குக்கு ஒரு காரணமாவது இருக்கிறது. நம் பையன்களுக்கு அது கிடையாது. இங்கே கூப்பிட்டால் வருவது வண்டி.

மே 31, மாலை

மே 27 அன்று எழுதியதில் ஒரு திருத்தம். டூர்னிகேயை எடுத்ததே இல்லை என்றேன். எடுத்தேன், கட்டவில்லை. கண்ணாடிக் கடை வாசலில் ஜன்னல் கண்ணாடி இறக்கிக்கொண்டிருந்தவருக்கு முன்கையில் ஆழமான வெட்டு. நான் ரோட்டைத் தாண்டி, பையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, டூர்னிகேயின் பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் பக்கத்து டீ மாஸ்டர் தன் தோள் துண்டை மடித்து, காயத்தின் மேல் வைத்து, இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு நின்றுவிட்டார். "எடுக்கட்டுமா சார்?" என்று நடுவில் ஒரு தடவை கேட்டார். எடுக்காதீங்க, பத்து நிமிஷம் அப்படியே அமுக்குங்க என்றேன். அன்று நான் செய்த ஒரே உருப்படியான வேலை அதைச் சொன்னதுதான். ரத்தம் நின்றுவிட்டது.

டூர்னிகே கெட்ட சாமான் இல்லை. அழுத்தியும் நிற்காமல் கை காலிலிருந்து பீய்ச்சினால் உயிரைக் காப்பாற்றும். காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மேல் இல்லாமல், ரத்தம் நிற்கும் வரை முறுக்கி, கட்டிய நேரத்தை எழுத வேண்டும். ஆனால் பையன்கள் ஆன்லைனில் முந்நூறு ரூபாய்க்கு வாங்கும் நகல்கள் இருக்கின்றனவே, என் வகுப்பில் ஒன்றை முறுக்கினோம், மூன்றாவது சுற்றில் கம்பி ஒடிந்தது. நல்லவேளை, மாட்டியிருந்தது என் காலில்.

கையில் இருக்கிறதே என்று பாம்புக்கடிக்குக் கட்டிவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய பயம். கட்டாதீர்கள். கண்ணாடி விரியன் மாதிரி சதையைக் கெடுக்கும் விஷத்தை ஓர் இடத்திலேயே இறுக்கி நிறுத்தினால் அந்தக் காலுக்குத்தான் சேதம். அசையாமல் சிம்பு வைத்து, நடக்க விடாமல், விஷமுறிவு மருந்து இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஏற்கெனவே யாராவது கயிற்றால் இறுக்கியிருந்தால் வழியில் சட்டென்று அவிழ்க்கவும் கூடாது. தேங்கியது ஒரேயடியாக ஏறும். ஆஸ்பத்திரியில் மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு அவிழ்ப்பார்கள். கயிறு கட்டிய மாமாவும் டூர்னிகே கட்டிய தம்பியும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். தம்பியின் கட்டு இன்னும் நன்றாக இறுகும்.

ஜூன் 2, அதிகாலை 1.15

தூக்கம் வரவில்லை. மே 28 அன்று எழுதிய கல்யாணக் கதையில் பாதியைத்தான் சொன்னேன். எட்டு வருடமாக எல்லாரிடமும் அந்தப் பாதியைத்தான் சொல்கிறேன்.

சட்டையை வெட்டிய பிறகு என்ன செய்தேன் என்றால், சுகர் மிஷினை எடுத்தேன். பெரியவருக்கு சர்க்கரை வியாதி என்று யாரோ சொன்னார்கள். விரலில் குத்தி ஸ்டிரிப்பை வைத்தேன். 412. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், அதை மறைக்க மாட்டேன். கூட்டத்துக்கு நடுவில் கையில் ஒரு நம்பர். ஒரு அம்மா டம்ளரில் ஜூஸ் கொண்டுவந்தார். "குடுக்காதீங்க! சுகர் நானூறு!" என்று தட்டாத குறையாகத் தடுத்தேன்.

அவர் உடம்பு சட்டை இல்லாமல் தொப்பலாக வியர்த்திருந்தது. கை சில்லிட்டிருந்தது. பேச்சு குழறியது. இதையெல்லாம் பார்த்தேன். நம்பரைத்தான் நம்பினேன்.

பின்னால் நின்ற ஒரு வயதான அம்மா, ரிட்டயர்டு ஸ்டாஃப் நர்ஸ் என்று அப்புறம் தெரிந்தது, என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, அவர் கையில ஜாங்கிரிப் பாகு. கையைக் கழுவிட்டு மறுபடி எடு" என்றார். தண்ணீர் ஊற்றித் துடைத்து, வேறு விரலில் எடுத்தேன். 46. வீட்டில் இன்சுலின் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார், பந்தி ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போயிருக்கிறது. இலையில் வைத்த ஜாங்கிரியைப் பிய்த்தவர் வாயில் போடுவதற்கு முன்னால் சாய்ந்துவிட்டார்.

அந்த அம்மா அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, விழுங்குகிறாரா என்று பார்த்து, ஜூஸைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். பத்து நிமிடத்தில் "என் சட்டை எங்கே?" என்று கேட்டார்.

நான் தடுத்து நிறுத்தியது மூன்று நிமிடம் இருக்கும். பை இல்லாமல் போயிருந்தால் யாரோ ஜூஸ் கொடுத்திருப்பார்கள், அவர் எழுந்திருப்பார். அந்த அம்மாவிடம் கைப்பைகூட இல்லை. என்னை யாரிடமும் காட்டிக்கொடுக்கவும் இல்லை. கை கழுவும் இடத்தில் மட்டும், "எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கும்" என்றார். அதற்கப்புறம் ஒரு மாதம் பையைத் தொடவில்லை. அப்புறம் தொட்டேன், அது வேறு விஷயம்.

ஜூன் 2, காலை 9

ராத்திரி எழுதியதை அழிக்கலாம் என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஜூன் 3

வக்கீல் ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார். 134ஏ பாதுகாக்கும் என்று மே 25 அன்று பொத்தாம்பொதுவாக எழுதினேன். அந்தப் பிரிவு மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. மோட்டார் வாகன விபத்தில் அடிபட்டவருக்கு, நல்லெண்ணத்தோடு, கைமாறு எதிர்பார்க்காமல் உதவினால்தான் அது பொருந்தும். கல்யாண மண்டபத்து இலைக்கு முன்னால் அது வராது. பட்டுச் சட்டைக்கும் வராது. இன்னொன்று, உதவுகிறவர் தன் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட அந்தச் சட்டத்தில் இல்லை. நம் பையன்களோ ஜாக்கெட் முதுகில் பெயரை அச்சடித்துக்கொண்டு அலைகிறார்கள்.

ஜூன் 8

அப்படியானால் எதுவுமே வேண்டாமா என்று அக்கா, அதாவது முதலில் கேட்டவர், கேட்கிறார். அப்படிச் சொல்லவில்லை. என்னிடம் இப்போது இருப்பது இரண்டு ஜோடி கையுறை, ஒரு கெட்டிப் பஞ்சுத் துணிச் சுருள், வாயில் வைத்து ஊதும் மடக்கு மாஸ்க். மூன்றும் ஒரு மூக்குக் கண்ணாடிக் கூட்டில் அடங்கும். மாஸ்க்கையும் எடுத்துவிடலாமா என்று யோசனை, ஏனென்றால் இதயம் நின்ற பெரியவருக்கு நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை, ஐந்து ஆறு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மார்பை அழுத்த இரண்டு கை போதும். ஆனால் நீரில் மூழ்கியவருக்கும் குழந்தைக்கும் மூச்சு கொடுத்தே ஆக வேண்டும். இருக்கட்டும்.

தம்பியிடம் பையைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் இன்னொன்று வாங்குவான். என் அம்மா அப்படித்தான் ஏமாந்தார். நெரிசலில் வலிப்பு வந்தவர் கையில் கூட்டம் சாவிக்கொத்தைத் திணிக்கும்போது, அதை விலக்கி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், வாட்சைப் பார்க்கிற ஆள் ஒருவர் நமக்கு வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. அந்த ஆள் அவனாக இருக்கலாம். அவன் கூட்டத்தைப் பார்த்து ஓடாத ஜாதி. அது கடையில் கிடைக்காது.

மூன்று கத்தரிகளில் இரண்டு எங்கள் சமையலறையில் இருக்கின்றன. மீன் செட்டை வெட்ட அதை மிஞ்சியது இல்லை என்று மனைவி சொல்கிறாள். மூன்றாவது காணவில்லை. மாமியார் வீட்டில் விசாரிக்க வேண்டும்.

ஜூலை 19

அக்கா தகவல் அனுப்பியிருக்கிறார். ஹாரன் போய்விட்டது, ஸ்டிக்கர் பாதி போய்விட்டது. போன ஞாயிறு பெருங்களத்தூர்ப் பக்கம் ஒரு பைக் மணலில் சறுக்கிவிட்டது. தம்பி அன்று முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தான், பை வீட்டில். விழுந்தவர் ஹெல்மெட்டை இழுத்துக் கழற்றப் போன இரண்டு பேரை நிறுத்தி, மூச்சு நன்றாக வருகிறது என்று பார்த்துக்கொண்டு, தலையை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்தபடி ரோட்டில் மண்டியிட்டு உட்கார்ந்திருக்கிறான். ஒருவரை 108க்குப் போன் போட வைத்தான், இன்னொருவரை வண்டிகளைத் திருப்பிவிடச் சொன்னான். வண்டி வரப் பதினான்கு நிமிடம். வந்த டீமில் அவனைத் தெரிந்த ஒருவர், "டேய், பை எங்கடா?" என்று கேட்டுச் சிரித்தாராம்.

கை முழுக்க அடுத்தவர் ரத்தம். முழங்கையில் ஏற்கெனவே ஒரு சிராய்ப்பு இருந்திருக்கிறது. கையுறை இல்லை. ஜிஎச்சில் போய் ரத்தப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

அக்கா, பர்ஸில் ஒரு ஜோடி வைக்கச் சொல்லுங்கள். பாட்டியின் பிபி எவ்வளவு என்று இன்னும் நீங்கள் சொல்லவில்லை.

ஜூலை 19, இரவு

170/100 இருந்ததாம். பெண் வீட்டார் மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போயிருக்கிறார்கள். ஆவணியில் நிச்சயதார்த்தம். நான் மே 24 அன்று சிரித்ததை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஹாரனைப் பற்றிச் சொன்னது அப்படியே இருக்கட்டும்.